பத்து நிமிடத்துக்கு ஒரு கல்

அத்தியாயம் 19

காதில் போன், வாயில் மூன்று குண்டூசி. தையலம்மாவை அந்தக் கோலத்தில் நிற்கவைத்துவிட்டுத்தான் போன வாரம் நாம் கலைந்தோம். ஏழு நாளாக ஊசியை விழுங்காமல் நின்றாளே, அதற்கே அவளைப் பாராட்ட வேண்டும்.

போனில் மகள். ஞாயிறு தவிர வேறு கிழமையில் கூப்பிடாத பெண், செவ்வாய்க்கிழமை காலை பத்தேகாலுக்குக் கூப்பிட்டால் எந்தத் தாய்தான் பதறமாட்டாள்? ஆனாலும் தையலம்மா குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்து, மேசையில் கிடந்த கால்சட்டையின் ஓரத்தில் குத்திவைத்துவிட்டுத்தான் வாயைத் திறந்தாள். எந்தக் கலக்கத்திலும் ஊசியைக் கண்ட இடத்தில் போடாத கை அது.

“சொல்லு கண்ணு.”

மகள் சுற்றி வளைக்கவில்லை. கம்பெனி அவளைக் கடல் தாண்டி அனுப்புகிறது. மூன்று வருஷம். நடுவில் விடுப்புக் கிடையாது. சாயங்காலம் நாலு மணிக்குத் தலைமை அலுவலகத்தில் கையெழுத்து. அங்கிருந்தே வண்டியேற்றி அனுப்பிவிடுவார்கள். இரண்டு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்களாம், இவள்தான் இழுத்தடித்துக்கொண்டிருந்தாளாம்.

“யாருக்காக இழுத்தடிச்சேன்னு எனக்கே தெரியலம்மா,” என்றாள். பிறகு, “அவரு வந்தா நல்லா இருக்கும். திட்டினாக்கூடப் பரவாயில்ல. நாலு மணி வரைக்கும் ஆபீஸ் கேட்டுக்கு வெளியதான் நிப்பேன். போனை உள்ள வாங்கி வச்சுக்குவாங்க, அதனால கூப்பிட்டுக்கிட்டு இருக்காதே. அவரை வரச்சொல்லு.”

“வருவாரு. நான் கூட்டிக்கிட்டு வரேன்.”

“எங்க வரப்போறாரு. அவருதான் எனக்குக் கதவை மொத்தமா சாத்திட்டாரே.”

பழைய சண்டையைத்தான் சொல்கிறாள் என்று தையலம்மா நினைத்துக்கொண்டாள். அம்மாக்கள் அப்படித்தான், பிள்ளை சொல்வதில் பாதியைத் தாங்களே ஏற்கெனவே தெரிந்துவைத்திருப்பதாக ஒரு நினைப்பு.

பழைய சண்டை என்னவென்று இந்தத் தெருவுக்கே தெரியும். புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்காக மட்டும் சொல்கிறேன்.

தையலம்மாவின் கணவர் லிஃப்ட் மெக்கானிக். இருபத்தாறு வருஷம் ஒரே கம்பெனி. லிஃப்டுக்கு ஒரு குணம் உண்டு: எந்த மாடியிலாவது கதவு சரியாகச் சாத்தவில்லை என்றால் அது நகராது. பழுது பார்க்கும்போது மட்டும், அந்தக் காவலை ஏமாற்ற மெக்கானிக்குகள் ஒரு துண்டு வயரை இடையில் கோத்துக்கொள்வார்கள். வேலை முடிந்ததும் கழற்றிவிட வேண்டும். அவர் ஒருநாள் கழற்ற மறந்தார். ஒரு முழு மத்தியானம் ஒன்பது மாடிக் குடியிருப்பு ஒன்றில் அந்த லிஃப்ட், கதவைத் திறந்துவைத்துக்கொண்டே மேலும் கீழும் போய்வந்தது. யாரும் விழவில்லை.

அந்த வயரைக் கண்டுபிடித்தது யார் தெரியுமோ? அதே கம்பெனியில் சோதனைப் பிரிவில் சேர்ந்து நாலே மாதமான அவருடைய மகள். கண்டுபிடித்தாள், கழற்றினாள், அறிக்கையில் அப்பா பெயரை எழுதி அடியில் தன் கையெழுத்தையும் போட்டாள்.

எழுதுவதற்கு முன் வீட்டில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று கேட்டார் அவர். சொல்லியிருந்தால் எழுத விட்டிருப்பீர்களா என்று கேட்டாள் அவள். அவ்வளவுதான் சண்டை. அதற்கு மேல் இருவருமே ஒரு சொல் பேசவில்லை. அந்த வாரமே அவள் பெட்டியோடு வெளியேறினாள். எட்டு மாதம் ஆயிற்று.

அவர்கள் தொழிலில் ஒரு வழக்கம் இருக்கிறது. வேலையை விட்டுப் போகிற மெக்கானிக், தன் கருவிப் பையை லிஃப்டுக்குள் வைத்து, கீழ்த்தளப் பொத்தானை அழுத்திவிட்டு, தான் மட்டும் படியில் இறங்கி வருவான். பை தனியாகக் கீழே போகும். அங்கே இருக்கிறவன் எடுத்துக்கொள்வான். கைகுலுக்கல், கண்ணீர் ஒன்றும் கிடையாது. அந்த அறிக்கையால் வேலை போன தையலம்மாவின் கணவரும் அப்படித்தான் பையை அனுப்பிவிட்டுப் பதினொரு மாடி இறங்கினார். ஆனால் ஒரு சின்னக் கள்ளத்தனம். எந்த மாடிக் கதவையும் வெளியிலிருந்து திறக்கும் முக்கோணச் சாவியை மட்டும் பையில் போடவில்லை. அது அவர் கால்சட்டைப் பையில் வீட்டுக்கு வந்துவிட்டது. இது துவைக்கிறவளுக்குத் தெரியும். இப்போது நமக்கும் தெரியும்.

இப்போது அவர் ஒரு மருத்துவமனையில் லிஃப்டுக்குள் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பொத்தான் அழுத்துகிறார். காலை ஆறு முதல் மதியம் இரண்டு. லிஃப்டைப் பிரித்து மாட்டிய கை, ‘எத்தனாவது மாடி சார்’ என்று கேட்கிற வாயோடு ஒரே உடம்பில் இருக்கிறது. தெருவில் அவருக்கு ‘மேலேகீழே’ என்று பெயர். நான் வைக்கவில்லை.

*

அவர் இந்த எட்டு மாதத்தில் தலை நிமிர்ந்து உட்கார்வது ஒரே இடத்தில்தான்: மூலையில் இருக்கும் கம்ப்யூட்டருக்கு முன்னால். அதில் ஒரு விளையாட்டு. சின்னப் பிள்ளைகள் ஆடுவது. மரம், ஆடு, சூரியன் எல்லாம் சதுரம் சதுரமாக இருக்கும். கட்டிகளை வெட்டி எடுத்து அடுக்கி வேண்டியதைக் கட்டிக்கொள்ளலாம்.

மகள் பதினொரு வயதில் இதை அப்பாவுக்குக் காட்டியபோது அவர் கேலி செய்தார். அதில் தள்ளுகிற கட்டி ஒன்று, ஒட்டுகிற கட்டி ஒன்று, மின்சாரம்போல் ஓடுகிற சிவப்புத் தூள் ஒன்று இருப்பதைப் பார்த்த பிறகு கேலி நின்றது. ‘அட, இதுல லிஃப்டே கட்டலாம் போலிருக்கே ஹெல்பரு’ என்றார். மகளை அவர் கூப்பிடுவது அப்படித்தான். மெக்கானிக்குக்கு உதவியாள் ஹெல்பர்தானே.

கட்டினார்கள். பதினான்கு மாடிக் கோபுரம். உள்ளே நிஜமாகவே ஏறி இறங்கும் லிஃப்ட். மாடிக்கு மாடி அழைப்புப் பொத்தான், தானே திறந்து தானே மூடும் கதவு. எந்த மாடியில் கதவு திறந்திருந்தாலும் லிஃப்ட் அசையாது. அதற்கே மூன்று மாதம் பிடித்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு தலைகள் ஒரு திரைக்கு முன் முட்டிக்கொண்டிருக்கும்; சாப்பாடு ஆறிப் போகும்; தையலம்மா கத்துவாள்; ஒருவரும் காதில் வாங்க மாட்டார்கள்.

கோபுரத்தின் உச்சியில், இயந்திர அறையில், மகள் இன்னொன்றும் செய்துவைத்தாள். இரண்டு புனல் பெட்டிகள் ஒன்றுக்கொன்று எதையோ மாற்றி மாற்றிக் கொடுத்துக்கொண்டிருக்கும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு கல் டொக்கென்று ஒரு பெட்டிக்குள் விழும்.

இதில்தான் கதையே இருக்கிறது, கவனியுங்கள். அந்த விளையாட்டில் எங்கே ஆள் நிற்கிறதோ அந்த இடம் மட்டும்தான் ஓடும். ஆள் போய்விட்டால் எல்லாம் அப்படியே நின்றுவிடும். மேய்கிற ஆடு வாயில் புல்லோடு நிற்கும். ஆகவே யாராவது கோபுரத்தில் இருந்தால்தான் கல் விழும். ஆறு கல் விழுந்திருந்தால் ஒரு மணி நேரம் யாரோ இருந்திருக்கிறார்கள்.

அப்பாவுக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று. நிஜ லிஃப்ட் அறைகளில் வந்த நேரம் போன நேரம் எழுதும் அட்டை தொங்குமே, அதேபோல. ஒரு நோட்டுப் போட்டு, வெளியே வரும்போது எத்தனை கல், மறுநாள் உள்ளே போகும்போது எத்தனை கல் என்று எழுத ஆரம்பித்தார். மாதம் பிறந்ததும் பெட்டியைக் காலி செய்துவிட்டு முதலிலிருந்து எண்ணுவார். மகள் போன பிறகும் எழுதினார். இரண்டு எண்ணும் தினமும் ஒன்றாகவே இருந்தன. அவர் இல்லாதபோது அங்கே யாரும் இல்லை.

மூன்றரை மாதத்துக்கு முன் ஒருநாள் சமையலறை வாசலில் வந்து நின்றார். ஆறு கல் கூடுதலாக இருக்கிறது என்றார்.

உலகத்தில் எங்கோ ஒரு வாடகை கம்ப்யூட்டரில் அந்தக் கோபுரம் இருக்கிறதாம். அவரவர் பெயரும் கடவுச்சொல்லும் போட்டு எங்கிருந்தும் உள்ளே போகலாமாம். போகக்கூடியவர்கள் இரண்டே பேர். அவர், அவள். ‘நான் வேலையில இருக்கிற நேரமாப் பாத்து வந்துட்டுப் போறா’ என்றார். அன்று இரண்டாவது முறை சோறு போட்டுக்கொண்டார்.

தையலம்மா நம்பினாளா? இல்லை. வேலை போனதிலிருந்து அவர் சட்டையை உள்புறம் வெளியாகப் போட்டுக்கொண்டு இரண்டு முறை தெருமுனைவரை போயிருக்கிறார். மனுஷன் எண்ணுவதில் தப்பு விட்டிருப்பார் என்று நினைத்தாள். மறுநாளும் மூன்று கல் என்றார். அதற்கு மறுநாள் நாலு. வேண்டும் என்கிற எண்ணை எண்ணிக்கொள்கிறார், பாவம், என்று விட்டுவிட்டாள்.

பன்னிரண்டாம் நாள் கூடுதல் கல் இல்லை. அன்று அவர் சாப்பிடவில்லை. பொத்தானை அழுத்தி அந்த வெறும் லிஃப்டை மேலே அனுப்புவதும் கீழே வரவழைப்பதுமாக நாலு மணி நேரம் உட்கார்ந்திருந்தார்.

பதின்மூன்றாம் நாள் மதியம் ஒரு மணிக்கு, மகள் விட்டுப்போன பழைய லேப்டாப்பைத் துணிக் குவியலுக்கு அடியிலிருந்து எடுத்தாள். மகளின் பெயரும் கடவுச்சொல்லும் அதிலேயே பதிந்து கிடந்தன. பொத்தானை அழுத்தினாள். திரையில், கோபுர வாசலில், மகளின் பெயரில் நடமாடும் பொம்மை போய் நின்றது. மடியில் ஓரம் அடிக்க வேண்டிய துணி, எதிரில் அசையாமல் நிற்கும் பெண். ஒரு மணி நேரம். ஆறு கல்.

கை தவறி எதையோ தட்ட, பொம்மை மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டது. பொறுக்கி எடுப்பதற்குள் வேர்த்துவிட்டது அவளுக்கு. வேறு எதுவும் தொலைந்ததோ என்று பொம்மையின் பையைத் திறந்து எண்ணினாள். வருகிற துணியை எண்ணி வாங்கி, எண்ணிக் கொடுக்கிற கை. ஒன்பது சாமான். இரண்டு மண்வெட்டி, ஒரு கோடாலி, சுத்தி, தலைக்கவசம், விளக்கு, கயிறு, படுக்கை, அப்புறம் ஒரு சின்னக் கைப்பிடி. கைப்பிடிமேல் அம்பைக் கொண்டுபோனால் பெயர் வந்தது: ‘முக்கோணச் சாவி’. அப்பாவிடம் இருப்பதுபோல் தனக்கும் ஒன்று வேண்டும் என்று சின்ன வயதில் அவள் செய்துகொண்டது. அதை வைத்தால் எந்த மாடிக் கதவும் திறக்கும்.

அதிலிருந்து தினமும் மதியம் இவள் போய் நின்றாள். அவர் தினமும் சாப்பிட்டார். இதில் யாருக்கு என்ன நஷ்டம் என்று நீங்களும் கேட்டிருப்பீர்கள், நானும் கேட்டேன்.

*

இந்தச் செவ்வாய்க்கிழமைக்கு வருவோம். மகள் போனை வைத்தபின் தையலம்மாவுக்குக் கை ஓடவில்லை. ஆனாலும் ஒரு மணிக்கு லேப்டாப்பை எடுத்து உட்கார்ந்தாள். ஆறு கல்லைப் பார்த்தால் மனுஷன் நல்ல மனநிலையில் இருப்பார், சொன்னதும் கிளம்பிவிடுவார் என்று அவளுக்கு ஒரு கணக்கு.

அவர் இரண்டே முக்காலுக்கு வந்தார். செருப்பைக் கழற்றுமுன்பே அவள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். நாலு மணி, கையெழுத்து, மூன்று வருஷம், கேட்டுக்கு வெளியே நிற்பாள். பஸ்ஸில் ஐம்பது நிமிடம், இப்போதே கிளம்பினால் போதும்.

அவர் முகம் ஒரு நொடி வெளுத்தது. நேராக மூலைக்குப் போய்க் கம்ப்யூட்டரைப் போட்டார். உச்சிக்குப் போய்ப் பெட்டியைத் திறந்து எண்ணினார். திரும்பியபோது சிரித்துக்கொண்டிருந்தார். எட்டு மாதத்தில் அவர் பல்லை இவள் பார்த்தது அன்றுதான்.

“இன்னைக்கும் வந்திருக்கா. ஆறு கல்லு. போறவ தினம் வந்து நிப்பாளா?”

“என்னங்க, அவ வாயாலயே சொன்னா.”

“வாய் சொல்லும். அவ என் பொண்ணு. நான் கெஞ்சிக்கிட்டு வரணும்னு பாக்கறா. வீம்பு. அவளா பேசுவா, பாரு. கால் இங்க இருக்கும்போது ஆள் எங்க போயிடும்?”

தையலம்மா கெஞ்சினாள். மிரட்டினாள். தனியாகப் போகிறேன் என்று பையைத் தூக்கினாள். மகள் கேட்டது இவளை அல்லவே என்று கீழே வைத்தாள். அவர் டீ கேட்டார். போட்டுக்கொடுத்தாள். சட்டை மாட்டுகிற ஆணிக்கு மேலே இருந்த கடிகாரத்தில் மூன்று அடித்தது. மூன்றே கால் ஆயிற்று. மருத்துவமனை லிஃப்டில் இன்று ஒரு டாக்டர் மாட்டிக்கொண்ட கதையை அவர் உற்சாகமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

உண்மையைச் சொன்னால் இந்தச் சிரிப்பு போய்விடும். சொல்லாவிட்டால் பெண் போய்விடுவாள். மூன்று மாதமாகத் தன் கையாலேயே தைத்த தையலைத் தானே பிரிக்க வேண்டும்.

துணிக் குவியலை விலக்கி லேப்டாப்பை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

“அது அவ இல்லங்க. நான்.”

அவருக்குப் புரியவில்லை. திறந்து காட்டினாள். மகளின் பொம்மை கோபுர வாசலில் மரம்போல் நின்றது. அவர் அதைப் பார்த்தார், இவளைப் பார்த்தார், டீ டம்ளரைச் சத்தமில்லாமல் கீழே வைத்தார். கத்துவார் என்று காத்திருந்தாள். அவர் பழுதான லிஃப்டைப் பற்றி விசாரிப்பதுபோல் நிதானமாகத்தான் கேட்டார்.

“எப்பலேருந்து?”

சொன்னாள். அவர் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்த நாளுக்கு மறுநாளிலிருந்து.

நோட்டை எடுத்தார். எச்சில் தொட்டுப் பக்கம் பக்கமாகப் பின்னால் தள்ளினார். ஓரிடத்தில் விரல் நின்றது.

“அதுக்கு முன்னாடி பதினோரு நாள் இருக்கு. அது யாரு?”

“நீங்க தப்பா எண்ணியிருப்பீங்கன்னு நினைச்சேன்.”

“நான் வயரைக் கழட்ட மறந்தவன்தான்,” என்றார் மெதுவாக. “எண்ணத் தெரியாதவன் இல்ல.”

பேச்சு நின்றால் பயமாக இருக்குமே, அதனால் தையலம்மா பேசிக்கொண்டே போனாள். தான் ஒன்றும் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை என்று காட்டிக்கொள்ள, இதுவரை யாரிடமும் சொல்லாத ஒரு வீரக் கதையையும் எடுத்துவிட்டாள். ஆரம்பத்தில் ஒரு திருடன் தொல்லை கொடுத்தான். இவள் உள்ளே போய் நின்ற பத்தாவது நிமிடமே திரையில் ஏதோ எழுத்து வந்து வெளியே தள்ளிவிடும். மறுபடி போவாள், மறுபடி தள்ளும். இவள் விடவில்லை, ஒருநாள் இருபது தடவை. கடைசியில் முக்குக் கடைக்காரனிடம் தூக்கிக்கொண்டு ஓடினாள். ‘கம்ப்யூட்டர் டாக்டர்’ என்று பலகை மாட்டியிருப்பவன். உங்கள் அக்கவுண்டில் எவனோ உட்கார்ந்திருக்கிறான் அக்கா, மாற்றிவிடலாம் என்றான். மகள் பள்ளியில் படிக்கும்போது தொடங்கி மறந்துபோன மின்னஞ்சல் அதிலேயே திறந்து கிடந்தது. அதை வைத்துக் கடவுச்சொல்லை மாற்றிக் கொடுத்தான். அதோடு திருடன் ஒழிந்தான்.

சொல்லி முடித்தபோது கணவர் எழுந்து நின்றுகொண்டிருந்தார்.

“எத்தனை மணிக்குத் தள்ளும்?”

“மத்தியானம். சாப்பாட்டு நேரம். ஒண்ணேகால் இருக்கும்.”

“ஒரே பேருல ரெண்டு இடத்துலேருந்து உள்ள போக முடியாது. ஒருத்தர் வந்தா மத்தவரைத் தூக்கி வெளிய போடும்.” அவர் குரல் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. “அது திருடன் இல்லம்மா. அவதான்.”

தையலம்மாவின் காதில் காலையில் கேட்டது இப்போதுதான் விழுந்தது. மொத்தமா சாத்திட்டாரே.

எங்கோ ஒரு அலுவலகச் சாப்பாட்டு அறையில், தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, அப்பா இல்லாத நேரம் பார்த்துத் தாங்கள் கட்டிய கோபுரத்தில் வந்து சும்மா நின்றவள். ஒருநாள் வெளியே தள்ளுகிறது. திரும்ப வருகிறாள், தள்ளுகிறது. இருபது தடவை. மறுநாள் கடவுச்சொல்லே மாறியிருக்கிறது. யார் மாற்றியிருப்பார்கள் என்று நினைப்பாள்? இந்த வீட்டில் அந்த விளையாட்டைத் தெரிந்தவர் ஒரே ஒருவர்தானே.

அதற்குப் பிறகும் ஞாயிறு தவறாமல் அம்மாவுக்குப் போன் செய்திருக்கிறாள். சாப்பிட்டாயா, கால் வலி எப்படி என்று கேட்டிருக்கிறாள். இவளும், இங்கே எல்லாம் நல்லபடியாக இருக்கிறது, அப்பா நன்றாகச் சாப்பிடுகிறார் என்று பதில் சொல்லியிருக்கிறாள்.

*

மணி மூன்று இருபத்தைந்து.

அழ நேரமில்லை. அவர் லேப்டாப்பை இழுத்துப் பழைய கடவுச்சொல்லையே திரும்பப் போட்டார். மகள் ஏழாம் வகுப்பில் இருந்தபோது அவர் வைத்துக்கொடுத்தது. தன் கம்ப்யூட்டரில் லிஃப்டைக் கீழ்த்தளத்துக்கு வரவழைத்து, கதவைத் திறந்தபடியே விட்டார். பெட்டியை எண்ணி நோட்டில் எழுதினார். எழுநூற்றுப் பதினெட்டு.

“எதையும் தொடாதே,” என்று சொல்லி இரண்டையும் அணைத்தார். “நீ உள்ள போனா அதுக்கும் கல்லு விழும். அப்புறம் யாருதுன்னு தெரியாது.”

செருப்பு மாட்டாமல் ஓடினார். தெருமுனை வரைக்கும் வெறுங்காலோடு ஓடியதை நானே பார்த்தேன். மேலேகீழே எங்கே இப்படிக் குறுக்கே ஓடுகிறது என்று சிரிக்கவும் செய்தேன். அந்தச் சிரிப்பை இப்போது எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை.

தையலம்மா மகளை அழைத்தாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. எடுக்க மாட்டாள் என்று தெரியும். போன் உள்ளே, பெண் கேட்டுக்கு வெளியே. தெரிந்தும் ஒன்பது முறை அழைத்தாள். பிறகு தடவித் தடவி ஒரு செய்தி அனுப்பினாள்: ‘பூட்டினது அப்பா இல்ல. நான். தெரியாம செஞ்சுட்டேன். பழைய பாஸ்வேர்டே திறக்கும். அப்பா வந்துக்கிட்டிருக்காரு.’

தைக்க உட்கார்ந்தாள். கால்சட்டையின் ஒரு காலை மூன்று விரற்கடை குட்டையாக வெட்டிவிட்டாள். இருபது வருஷத்தில் முதல் தடவை.

நாலு ஏழுக்குச் செய்திக்குக் கீழே நீலக் குறி விழுந்தது. படித்துவிட்டாள். பதில் இல்லை. அழைத்தால் மணி அடிக்கிறது, எடுக்கவில்லை.

நாலரைக்குக் கணவர் பேசினார். பஸ் பாதி வழியில் நின்றுவிட்டது, மீதியை நடந்தும் ஓடியும் போனாராம். காவல்காரர் சொன்னாராம்: அந்தப் பொண்ணு மூணு மணிலேருந்து இங்கதான் நின்னுச்சு சார், ஒவ்வொரு பஸ்ஸா பாத்துச்சு, நாலு அடிச்சதும் உள்ள போயிடுச்சு, பத்து நிமிஷத்துல வண்டி கிளம்பிடுச்சு.

“எந்தப் பக்கமா நின்னான்னு கேட்டேன்,” என்றார். “காட்டினான். அங்கதான் நிக்கிறேன்.”

“வந்துடுங்க.”

“கொஞ்சம் நின்னுட்டு வரேன்.”

பின்னால் பஸ்கள் போகிற சத்தம். அவர் போனை வைக்கவில்லை. கடைசியில் இவள்தான் வைத்தாள்.

தொடாதே என்று சொன்னதைத் தையலம்மா ஐந்து மணி வரை மதித்தாள். பிறகு போய்க் கணவரின் கம்ப்யூட்டரைப் போட்டாள். அவர் பெயரில் உள்ளே போனாள். பின்னால் நின்று பார்த்த மூன்று மாதப் பழக்கத்தில் பெட்டியைத் திறக்கவும் பொத்தானை அழுத்தவும் கை அறிந்திருந்தது.

கோபுர வாசல். யாரும் இல்லை.

ஆனால் அவர் திறந்துபோட்ட கதவு சாத்தியிருந்தது. லிஃப்ட் கீழே இல்லை.

ஏணி வழியாகத் தட்டுத் தடுமாறி உச்சிக்குப் போய் எண்ணிப் பார்த்தாள். எழுநூற்றுப் பதினெட்டு. ஒன்றுகூடக் கூடவில்லை. வந்திருக்கிறாள், பத்து நிமிடம் நிற்கவில்லை. ஓடுகிற வண்டியில், போனிலேயே திறந்திருக்க வேண்டும்.

கீழே வந்து அழைப்புப் பொத்தானை அழுத்தினாள். மேலே எங்கோ கட்டிகள் தள்ளும் சத்தம் கேட்டது. பதின்மூன்று, பன்னிரண்டு. விளக்கு மாடி மாடியாக இறங்கியது. தையலம்மாவின் கை புடவை ஓரத்தை மடித்துக்கொண்டே இருந்தது. மூன்று. இரண்டு. கதவு திறந்தது.

உள்ளே ஆள் இல்லை. நடுவில் ஒரு மரப்பெட்டி.

அவள் மெக்கானிக் இல்லை. ஆனால் இருபத்தாறு வருஷம் மெக்கானிக்கின் மனைவி. லிஃப்டுக்குள் தனியாக ஒரு பெட்டி இறங்கி வந்தால் அதற்கு என்ன அர்த்தம் என்று யாரும் அவளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள். போய்விட்டாள். உண்மை தெரிந்த பிறகும், முறைப்படி கருவிப் பையை ஒப்படைத்துவிட்டுப் போய்விட்டாள்.

பெட்டியைத் திறந்தாள். மண்வெட்டி இரண்டு. கோடாலி. சுத்தி. தலைக்கவசம். விளக்கு. கயிறு. படுக்கை.

எட்டு.

கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்ப எண்ணினாள். எட்டுதான். ஒவ்வொன்றின்மேலும் அம்பைக் கொண்டுபோய்ப் பெயர் பார்த்தாள். ‘முக்கோணச் சாவி’ என்று பெயர் வந்த அந்தச் சின்னக் கைப்பிடி மட்டும் இல்லை.

மேசையில் போன் அடித்தது. கணவர். கோபுரத்துக்கு அவள் வந்தாளா என்று கேட்கப்போகிறார்.

தையலம்மா எடுக்கவில்லை. ஒருமுறை, எண்ணியவர் தப்பாக எண்ணியிருப்பார் என்று நினைத்துத்தான் இவ்வளவும் ஆயிற்று. போன் அடித்துக்கொண்டே இருக்க, திரையில் விரலை வைத்து, மூன்றாம் முறையாக ஒன்றிலிருந்து ஆரம்பித்தாள்.